மணியடித்துக் குணமானவன்

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. மணி பித்தளை என்று எனக்கு ஞாபகம். இரும்பு மணி, மேலே மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள் என்கிறாள் மனைவி. அன்று மழை பெய்தது என்று எழுதினால், சட்டை வியர்வையில் நனைந்திருந்ததை மழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்கிறாள். எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் நோய்க்குப் பிந்தைய மறதி இருக்கிறது. அது யாருக்கு என்பதை அரசாங்கம் முறைப்படி ஆராய்ந்து முடிவு செய்திருக்கிறது. அந்த முடிவின்படி என் ஞாபகம்தான் நம்பத்தக்கது. ஆகவே மணி பித்தளை. மழை பெய்தது.

நான் நகரப் பேருந்து ஓட்டுபவன். கொரோனா எனக்குக் கடுமையாக வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, ஆக்சிஜன் வைக்கவில்லை. காய்ச்சல் வந்தது, படுத்தேன், எழுந்தேன். என்னிடமிருந்து மனைவிக்குத் தொற்றியது. அவளும் படுத்தாள், எழுந்தாள், எழுந்த கையோடு வேலைக்குப் போய்விட்டாள். பொது நீச்சல் குளத்தில் அவள் பயிற்சியாளர். சின்ன வயதில் ஆஸ்துமா இருந்ததால் மூச்சு பழகுவதற்காக அவளைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். பிறகு அவளை வெளியே எடுக்க முடியவில்லை. இப்போதும் குளத்தின் ஒரு முனையில் மூழ்கினால் மறு முனையில்தான் தலை தெரியும்.

என் விஷயம் வேறு. நோய் போய்விட்டது. போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை. குளித்துவிட்டு வந்தால், குளித்த களைப்புக்குப் படுக்க வேண்டியிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும், ஏறியதற்காகக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே சொற்கள் காணாமல் போயின. ஒரு நாள் காலையில் மனைவியிடம், “அதை எடு, அந்த, கலக்கறது” என்றேன்.

“ஸ்பூனா?”

“அதேதான்.”

“ஸ்பூன்னு சொல்லுங்க பாக்கலாம்.”

சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பேச்சைவிட இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது அதிகமாகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை, வண்டி நிறைய ஆட்களோடு, பல வருஷம் முன்பு மூடப்பட்ட ஒரு பேருந்து நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். இளம் வயதில் நான் முதன்முதலாக வேலை பார்த்த நிலையம் அது. என் நடத்துநரின் பட்டப்பெயர் விசில். விசிலைத் தொலைத்துவிட்டு வாயாலேயே சமாளித்து வருபவன். அவன் முன்னால் வந்து என் காதில் சொன்னான்.

“அண்ணே, நாம லெப்ட்ல போகணும்.”

“லெப்ட்லதான்டா போறேன்.”

“இது ரைட்டுண்ணே.”

பழைய நிலையம் இருந்த இடத்தில் இப்போது ஒரு மெத்தைக் கடை இருக்கிறது. அதன் வாசலில் வண்டியை மிகச் சரியாக, கோட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். விசில் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு பயணிகள் பக்கம் திரும்பி, “ரோடு வேலை நடக்குது, சுத்திட்டு வந்திருக்கோம், எல்லாரும் உக்காருங்க” என்று கத்தினான். யாரும் கோபப்படவில்லை. ஒருவர் மட்டும் இறங்கிப் போய்த் தலையணை விலை விசாரித்துவிட்டு வந்து ஏறிக்கொண்டார்.

இதை நானும் விசிலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அடுத்த வாரம் நடந்ததை விசிலிடம்கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகள் கைகோர்த்து வரிசையாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். நிறுத்த வேண்டும் என்பது தெரிந்தது. எந்தக் காலால் என்பது தெரியவில்லை. கால் தானாகவே நிறுத்திவிட்டது. கடைசியில் வந்த பிள்ளை எனக்குக் கையசைத்துவிட்டுப் போனது. அன்று மாலை மனைவியிடம் சொன்னேன்.

“இன்னிக்குக் காலுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு நாள் அதுவும் மறந்துட்டா?”

விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் பணிமனை மேலாளரைப் பார்த்தேன்.

“என்னப்பா பிரச்னை?”

“யோசனை பாதியில அறுந்து போகுது சார். மூச்சு வாங்குது. வண்டி எடுக்கவே பயமா இருக்கு.”

“ஜுரம் இருக்கா?”

“இல்ல சார்.”

“டெஸ்ட் எடுத்தா வருதா?”

“இல்ல.”

“அப்ப நல்லா இருக்க.”

“நல்லா இருந்தா ஏன் சார் மெத்தைக் கடைக்குப் போவேன்?”

அவர் நல்ல மனிதர். நிஜமாகவே யோசித்தார். “நீ நோயாளின்னா லீவு குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. நல்லா இருக்கன்னா வண்டி குடுக்க அதிகாரம் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல நிக்கறவனுக்கு நான் என்னத்தக் குடுக்கறது? டீதான் குடுக்கலாம்” என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்ததும், “வாரியத்துக்குப் போ. நீ நோயாளிதான்னு அவங்க வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் ஸ்கூல் ரூட்டு வண்டி உன்னுதுதான், மாத்த ஆள் இல்ல” என்றார்.

கொரோனா வந்துபோனவர்களுக்கு மிச்சமிருக்கும் தொல்லைகளைக் கவனிப்பதற்காக ஏற்படுத்தப்பட்டது அந்த வாரியம். பெயர், நலம்பெற்றோர் நல வாரியம். வழி மறந்துவிடுவேன் என்று மனைவியும் கூட வந்தாள்.

புதிதாக வெள்ளையடித்த உயரமான கட்டடம். வாசலைத் தாண்டியதும் ஒரு கூடம். கூடத்தில் வரவேற்பு மேஜை இருந்தது, ஆள் இல்லை. மேஜையில் இருந்த பொத்தானின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள்: ‘அழைப்பு மணி பழுது. மேலே தொங்கும் மணியைப் பயன்படுத்தவும்.’ அண்ணாந்து பார்த்தேன். பெரிய பித்தளை மணி. பட்டுக் கயிறு ஒன்று கைக்கு எட்டும்படி தொங்கியது. இழுத்தேன்.

சத்தம் அடங்குவதற்குள் இரண்டு பக்கமும் கதவுகள் திறந்தன. ஊழியர்கள் கைதட்டிக்கொண்டே வரிசையாக வந்தார்கள். ஒருவர் என் கையில் பலூன் ஒன்றைத் திணித்தார். இன்னொருவர் கேமராவை முகத்துக்கு நேரே பிடித்து, “கயித்த விடாதீங்க சார், அப்படியே” என்றார். விளக்கு மின்னியது.

“யாராவது வருவீங்கன்னு அடிச்சேன்” என்றேன்.

“வந்துட்டோமே சார்!” என்றார் வரவேற்பாளர். எல்லாரும் இன்னொரு முறை கைதட்டினார்கள்.

அது அழைப்பு மணி அல்ல, நலமணி என்பது பிறகுதான் தெரிந்தது. பூரணமாகக் குணமானவர்கள் விடைபெறும்போது அடித்து மகிழ்வதற்காகக் கட்டியது. அழைப்பு மணி திறப்பு விழா முடிந்த வாரத்திலேயே பழுதாகிவிட்டதாம். யாரோ ஒரு கெட்டிக்காரர் அந்தக் காகிதத்தை ஒட்டினார். அன்றிலிருந்து, உடம்புக்கு முடியவில்லை என்று சொல்ல வருகிற ஒவ்வொருவரும் உள்ளே நுழைந்ததும் மணியடித்துக் குணமானார்கள். சுவர் முழுக்க அவர்களுடைய படங்கள் மாட்டியிருந்தன. எல்லாரும் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். எல்லாரும் திருதிருவென்று விழித்தார்கள்.

படிக்கட்டின் மேலே வாரியத் தலைவர் தோன்றினார். டாக்டர், நரைத்தவர், கோட்டு போட்டவர். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, எங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மறுபடி இறங்கினார். பெரிய மனிதர்கள் அப்படித்தான் இறங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள்.

“அன்பு நண்பர்களே! நோய் தீர்ந்த பிறகும் தொல்லை தீரலைன்னு ஊரெல்லாம் பேசறாங்க. அசதிங்கறாங்க, மறதிங்கறாங்க, மூச்சுங்கறாங்க. நான் கேக்கறேன், எங்கே அந்த நோயாளிகள்? நம்ம வாரியத்துக்குள்ள கால் வெச்ச ஒவ்வொருத்தரும், வெச்ச நிமிஷமே குணமாகியிருக்காங்க. ஒரு மாத்திரை செலவில்ல, ஒரு ஊசி செலவில்ல. மருந்து வாங்கக் குடுத்த நிதி மொத்தத்தையும் வாங்கவே வேண்டிய அவசியம் இல்லாம திருப்பி அனுப்பியிருக்கோம். உலகத்துல வேற எந்த ஆஸ்பத்திரி இதைச் செஞ்சிருக்கு? நோயாளியே இல்லாத ஆஸ்பத்திரிதான் நல்ல ஆஸ்பத்திரி. நம்ம வாரியத்துக்குள்ள கால் வெச்ச ஒவ்வொருத்தரும், வெச்ச நிமிஷமே குணமாகியிருக்காங்க.”

கடைசி வாக்கியம் ஏற்கெனவே சொன்னதுதான். முதல் முறை தட்டியதைப்போலவே இரண்டாம் முறையும் தட்டினார்கள். அவர் கொஞ்சம் தடுமாறி, ஒலிபெருக்கியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாததுபோல் பார்த்துவிட்டு, என்னிடம் கொடுத்துவிட்டு மேலே போனார்.

நான் வரவேற்பாளரிடம் கெஞ்சினேன். “அம்மா, எனக்குக் குணமாகல. நான் பஸ் ஓட்டறவன். பிள்ளைங்க குறுக்க போற ரோடு. எனக்கு முடியலன்னு யாராவது சொல்லணும்.”

“குணமானதுல ஆட்சேபணைன்னா மேல்மாடியில ஆபத்துக் கணிப்பு அதிகாரி இருக்காங்க. அவங்களப் பாருங்க.” அவள் பலூனைப் பார்த்தாள். “அத இங்க வெச்சுட்டுப் போங்க சார், அடுத்தவருக்கு வேணும்.”

மின்தூக்கி கூடத்தின் ஓரத்தில் இருந்தது. கண்ணாடிபோலத் துடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே முக்காலியில் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கதவின் மேல் ‘நோயாளிகளுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது.

“மணி அடிச்சீங்களா?” என்று கேட்டார், தலையைத் தூக்காமல்.

“அடிச்சேன்.”

“அப்ப படிதான் சார். குணமானவங்களுக்கு லிப்ட் கிடையாது.”

“அடிக்காதவங்க யாராவது இதுல ஏறியிருக்காங்களா?”

“நானும் வந்த நாள்லேருந்து வாசலையே பாத்துக்கிட்டிருக்கேன். ஒருத்தரும் வரல.”

“நான் அடிக்கல” என்றாள் மனைவி.

செய்தித்தாள் கீழே விழுந்தது. அவர் எழுந்து நின்றார். “அடிக்கலையா? நிஜமாவா? வாங்கம்மா, வாங்க, பாத்துக் கால வைங்க” என்று முக்காலியைத் துண்டால் தட்டி, அதில் அவளை உட்காரவைத்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்லங்க, இவருக்குத்தான்…”

“அதெல்லாம் மேல சொல்லிக்கலாம்மா.” கதவு மூடியது. மூடுகிற இடைவெளியில் மனைவியின் முகம் தெரிந்தது. எனக்குப் பின்னாலிருந்த படிக்கட்டைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் படியேறினேன். ஏறினேன் என்பதைவிட, ஒவ்வொரு படியையும் தனித்தனியாகச் சந்தித்தேன் என்பது சரி. மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு அம்மாள் என் பக்கத்தில் நின்று, பரீட்சைத் தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டவளைப்போல அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

“நாற்காலி, ஆறு, குடை. மறந்துடாதீங்க.”

“என்னம்மா இது?”

“ஞாபகப் பரிசோதனை. மூணு வார்த்த சொல்லி, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பாங்க. எல்லாருக்கும் எப்பவும் இதே மூணுதான். எனக்கு ஒருத்தர் சொன்னாரு, நான் உங்களுக்குச் சொல்றேன். மனுஷனுக்கு மனுஷன் இதுகூடச் செய்யலைன்னா எப்படி?”

அவள் அன்போடு சொன்னாள். அந்த அன்பினால் அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட ஞாபக மறதி உள்ளவராகக் கண்டுபிடிக்கப்படவில்லை.

அடுத்த திருப்பத்தில், ஜன்னலுக்குக் கீழே, படியிலேயே உட்கார்ந்திருந்தார் வாரியத் தலைவர். கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மரியாதைக் குறைவுதான், நிற்க முடியவில்லை. என் மூச்சுச் சத்தமும் அவர் மூச்சுச் சத்தமும் முதலில் தனித்தனியாகக் கேட்டன, பிறகு ஒன்றாகக் கேட்டன. ஜன்னலுக்கு வெளியே மழை. (வெயில் என்கிறாள் மனைவி. அவள் அங்கே இல்லை.)

வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்.

“நாற்காலி, ஆறு… மூணாவது என்னங்க?”

“குடை, சார்.”

“குடை” என்றார். தொலைந்துபோன ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்வதைப்போல உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

“சார், உங்களுக்குமா?”

“எனக்கு எப்படி இருக்கும்? நான் மணி அடிச்சவன். திறப்பு விழாவுல ரிப்பன் வெட்டினேன், மணிய அடிங்கன்னாங்க, அடிச்சேன். சுவத்துல முதல் படம் என்னுது.” சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தார். “நீங்க என்ன வேலை?”

“பஸ் டிரைவர் சார். ஸ்கூல் ரூட்டு.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“வீட்டுல யாருக்காவது ஆஸ்துமா உண்டா?” என்று கேட்டார்.

“மனைவிக்கு, சின்ன வயசுல.”

“கொரோனா வந்ததா அவங்களுக்கு?”

“என்கிட்டேருந்து வந்தது.”

“கொடுத்து வெச்சவர்” என்றார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்து, எனக்கு முன்னால் மெதுவாக ஏறிப்போனார். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் மேல்மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மனைவி ஒரு கட்டிலில் படுக்கவைக்கப்பட்டிருந்தாள். சுற்றிலும் மூன்று நான்கு பேர் நின்றிருந்தார்கள். ஆபத்துக் கணிப்பு அதிகாரியின் கண்கள் கலங்கியிருந்தன. சுறுசுறுப்பான பெண்மணி, படித்தவர், பல காலமாக ஒரு நோயாளிக்காகக் காத்திருந்தவர். அவருக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு அட்டவணை தொங்கியது. யாருக்கு நோய்க்குப் பிந்தைய தொல்லைகள் வரும் அபாயம் அதிகம் என்பதை வண்ணம் வண்ணமாகப் போட்டிருந்தார்கள். பெண்கள், நடுவயதுக்காரர்கள், ஆஸ்துமா போன்ற பழைய நோய் உள்ளவர்கள், கொரோனா கடுமையாக வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள்.

“உங்க மனைவி மூணுல தேறியிருக்காங்க சார்!” என்றார் அதிகாரி. “பெண், நடுவயசு, ஆஸ்துமா!”

“அவளுக்கு ஒண்ணும் இல்லையே மேடம்.”

“பரிசோதனை பண்ணாமலா சொல்வேன்? மூச்சுக் கருவிய ஊதச் சொன்னேன். முள் பூஜ்யத்துல நிக்குது.”

“வேகமா ஊதிட்டேன்” என்றாள் மனைவி கட்டிலிலிருந்து. “கடைசிவரைக்கும் போய் டக்குன்னு ஒரு சத்தம் வந்துதுங்க. அப்புறம் முள்ளு பூஜ்யத்துக்கு விழுந்து அசையவே இல்ல.”

“அடுத்து ஞாபகம். மூணு வார்த்த சொன்னேன். கேட்டா ஒண்ணுகூடத் தெரியல!”

“இவரு படியில எங்கயாவது விழுந்துட்டாரோன்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க சொன்னது காதுலயே விழல.”

“கவனச் சிதறல்” என்றார் அதிகாரி, பக்கத்தில் இருந்தவரிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்க ஆட்சேபணை என்ன சார்?”

சொன்னேன். மெத்தைக் கடை, ஸ்பூன், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு குச்சியை எடுத்து அட்டவணையில் வைத்தார்.

“ஆண். ஆஸ்பத்திரியில சேரல. பழைய வியாதி எதுவும் இல்ல. நடுவயசு ஒண்ணுதான், அத வெச்சு என்ன பண்றது? உங்கள மாதிரி ஆளுக்கு வர வாய்ப்பு ரொம்பக் கம்மி சார்.”

“கம்மின்னா, கொஞ்சம் பேருக்கு வரும்தானே மேடம்?”

“வரும்.”

“அந்தக் கொஞ்சத்துல நான் ஒருத்தன்.”

“அத்தனை பேர் நல்லபடியா இருக்கற பக்கத்த விட்டுட்டு, அந்தக் கொஞ்சத்துல போய் நீங்க ஏன் சார் நிக்கணும்?” அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. “சரி, படியேறித்தானே வந்தீங்க?”

“ஆமா.”

“முடியாதவர் எப்படி வந்திருக்க முடியும்? சரி, மூணு வார்த்த சொல்றேன்…”

“நாற்காலி, ஆறு, குடை” என்றேன். என் உடம்புக்குள் எஞ்சியிருந்த ஒரே அனிச்சைச் செயல் அதுதான். வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

“சொல்றதுக்கு முன்னாடியே!” என்றார் அதிகாரி. “இப்படிப்பட்ட ஞாபகத்த நான் பாத்ததே இல்ல.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அதையும் யாரோ ஓர் அறிகுறியாகக் குறித்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் தலைவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதிகாரி விஷயத்தைச் சொன்னதும் அவர் கட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“சார், ஒரு சின்னச் சிக்கல்” என்று அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “இவங்கள நோயாளின்னு ஏத்துக்கிட்டா, நம்ம நூத்துக்கு நூறு போயிடும். அடுத்த மாசம் விருதுக் குழு வருது. இவங்களக் கீழ கூட்டிட்டுப் போய் ஒரு தடவ மணி அடிக்க வெச்சுட்டா, ஒரு நிமிஷ வேலை…”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நான் இப்பவே அடிச்சுட்டுப் போறேன்” என்று மனைவி எழுந்தாள்.

“உக்காருங்க” என்றார் தலைவர். ஒலிபெருக்கியில் கேட்ட குரல் அல்ல அது. “கடும் ஆபத்துப் பிரிவுல வர்ற நோயாளிய ஒரு நிமிஷமும் தனியா விடக்கூடாதுன்னு நம்ம விதியில இருக்கு. வீட்டு ஆள் ஒருத்தர் துணைக்கு இருக்கணும். துணைக்கு இருக்கறவர் எந்த வேலைக்கும் போகக்கூடாது, முக்கியமா வாகனம் ஓட்டக்கூடாது. சம்பளம் நிக்காது. நோயாளி மணி அடிக்கற நாள்வரைக்கும்.” மூச்சு விட்டுக்கொண்டார். “நல்ல விதி. நான்தான் எழுதினேன். இதுவரைக்கும் யாருக்கும் பயன்படல.”

எனக்குப் புரிந்தது. மனைவிக்கும் புரிந்தது. அவள் முகம் சட்டென்று மலர்ந்து என் பக்கம் திரும்பியது.

“நோயாளிக்கும் ஒரு நிபந்தனை உண்டு” என்றார் அதிகாரி, விட்டுக்கொடுக்காமல். “எந்த வேலை பாக்கறீங்கம்மா?”

“நீச்சல் சொல்லித் தரேன்.”

“அப்ப மணி அடிக்கற வரைக்கும் தண்ணியில இறங்கக் கூடாது. கரையில நின்னு வேணா சொல்லிக் குடுங்க. எங்க ஆள் வந்து பாப்பாங்க. சம்மதமா? இல்ல, கீழ போய் அடிச்சுடறீங்களா?”

மின்தூக்கிக்காரர்கூடக் கதவருகே வந்து நின்றிருந்தார். ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது, தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. மனைவி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருஷமாகத் தினமும் தண்ணீரில் ஊறிய கைகள். நான், ‘வேண்டாம், போய் அடித்துவிடு’ என்று சொல்ல வாயெடுத்தேன். என்னை முந்திக்கொண்டு அவள் மெல்ல இருமினாள். பிறகு இன்னும் கொஞ்சம் பலமாக இருமினாள்.

“ஆமாங்க” என்றாள் அதிகாரியிடம். “இப்பல்லாம் மூச்சு வாங்குது. மறதி வேற. என்ன கேட்டீங்க?”

தலைவர் கையெழுத்துப் போட்டார். நாங்கள் கிளம்பும்போது அறை வாசல்வரை வந்தார். “சார், உங்களுக்கும் இதே மாதிரி வீட்டுல…” என்று இழுத்தேன்.

“என் மனைவிக்கு வரவே இல்லங்க” என்றார். “ஆஸ்துமாவும் இல்ல. எல்லாத்துக்கும் ஒரு குடுப்பினை வேணும்.”

மனைவி மின்தூக்கியில் இறங்கினாள். நான் படியில் இறங்கினேன்.

அதற்குப் பிறகு எல்லாரும் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாரியத்துக்கு விருது கிடைத்தது. குணமானோர் நூற்றுக்கு நூறு, ஒருவர் நீங்கலாக. அந்த ஒருவரை அட்டவணையின் மூலம் கண்டுபிடித்ததற்காக அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்தது. அவருடைய புதிய அறையில் இன்னும் பெரிய அட்டவணை தொங்குகிறது. அழைப்பு மணியை இன்னும் சரிசெய்யவில்லை. மின்தூக்கிக்காரர் மாதம் ஒரு முறை மனைவியை மேலே அழைத்துப் போகிறார், அவளுக்காக முக்காலிக்கு மெத்தை தைத்து வைத்திருக்கிறார். துணைக்கு வருபவன் நோயாளி அல்ல என்பதால் நான் படியில் போகிறேன். தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். விடைபெறும் விழாவில் தன் உரையை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை படித்தாராம். இரண்டு முறையும் கைதட்டினார்களாம். ஸ்கூல் ரூட்டில் வேறு ஒருவர் ஓட்டுகிறார். அவர் நல்ல ஓட்டுநர், ஆனால் மெத்தைக் கடைப் பக்கம் ஒரு நாள்கூடப் போவதில்லை, போரடிக்குதண்ணே என்று விசில் போனில் சொல்கிறான்.

எனக்குச் சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் இல்லை. ஸ்பூன் வந்துவிட்டது. வேறு சில சொற்கள் போயிருக்கின்றன, எவை என்று தெரியவில்லை.

மாலையில் நோயாளிக்குத் துணையாகக் குளத்துக்குப் போகிறேன். அவள் கரையில் நீண்ட கழியோடு நின்று, “கால உதறு, தலைய உள்ள விடு” என்று பிள்ளைகளிடம் கத்துகிறாள். வாரியத்தின் ஆள் சில நாட்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். அவளுடைய துண்டை மடித்து என் தோளில் போட்டுக்கொண்டு நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பாடம் முடிந்ததும் நாங்கள் எழுந்து வீட்டுக்கு நடக்கிறோம். துண்டு காய்ந்தே இருக்கிறது.